பந்தோலை

என் அப்பா வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பந்தைக் காலால் உதைத்தவரல்ல. ஆனால் இந்த வருஷம் எந்த ஊர் டீம் தேறும், எது கவிழும் என்று தெரிய வேண்டுமானால் சுற்றுவட்டாரம் முழுக்க அவரிடம்தான் வரும். காலையில் கரைசேர்ந்து மீனை விற்றானதும் கட்டுமரத்தை மேட்டில் ஏற்றி, அதன் மேலேயே வலையை விரித்துப் போட்டு உட்காருவார். கை பாட்டுக்குக் கிழிசலைப் பின்னும், வாய் பாட்டுக்கு டீம்களைப் பிரித்துப் போடும். சுற்றிலும் மணலில் ஆண்பிள்ளைகள் குந்தியிருந்து கேட்பார்கள்.

"குலசேகரத்து ரப்பர் தோட்டத்து டீமு எப்பிடி மாமா?"

"பூட்ஸு உண்டு மக்கா. பூட்ஸுக்குள்ள காலு உண்டான்னுதான் பாக்கணும்."

"குழித்துறைக்காரன் திருவனந்தபுரத்துலேருந்து ரெண்டு பேரைச் சம்பளம் பேசிக் கொண்டு வாறானாமே?"

"வரட்டும். சம்பளத்துக்கு வந்தவன் முதல் பாதியில பந்தப் பாப்பான், ரெண்டாம் பாதியில ஊருக்குப் போற வண்டியப் பாப்பான். கேட்டியா?"

சிரிப்பு அலைச் சத்தத்தை அமுக்கிவிடும். அவர் சொன்னது பாதிக்கு மேல் பலிக்கவும் செய்யும். பலிக்காததை ஊர் மறந்துவிடும், அவர் அதற்கு முன்னாலேயே மறந்திருப்பார். இது நடந்தது முப்பதுகளின் தொடக்கத்தில். எங்கள் கரையில் அப்போது பந்துப் பைத்தியம் முற்றியிருந்த காலம். கஞ்சிக்கு வழியில்லாத வீட்டிலும் பந்துப் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

என் கல்யாணத்தையும் அப்பா அப்படி எடை போட்டுத்தான் முடித்தார். என் புருஷன் எங்கள் ஊர் டீமில் கோல் காக்கிற கோலி. ஆறடி உயரம், துடுப்பு போல நீளக் கைகள். கடற்கரை மணலில் அவர் எம்பி எம்பிப் பந்தைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "இவன் நிக்கியப்போ கோலுக்குள்ள காத்துகூட நுழையாது" என்று அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார். சொன்ன வாய் மூடுமுன் சம்பந்தம் பேச ஆள் அனுப்பிவிட்டார். "மவளுக்கு மாப்பிள்ளை பாத்தீரா, ஊருக்குக் கோலி பாத்தீரா?" என்று என் தாய் கேட்டார். எனக்கும் அன்று எரிச்சல்தான். ஆனால் வந்து வாய்த்தவர் தங்கமான மனுஷன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். நான் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் நாலாம் வகுப்பு படித்தவள் என்று மற்றவர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார். கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளை இல்லை. அதற்காக ஒரு சொல் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் பிறக்கவில்லை, அப்போதும் சொன்னதில்லை.

வினை தக்கலையில் வந்தது. தாலுகாக் கச்சேரிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். எங்கள் ஊரும் குழித்துறையும். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஆடிப் பழகியதெல்லாம் கடற்கரை மணலில். மணலில் பந்து உருளாது, விழுந்த இடத்தில் செத்துக் கிடக்கும். அதனால் வானத்தில் வருவதைப் பிடிக்கத் தெரிந்தவன்தான் எங்கள் ஊரில் கோலி. தரையோடு வரும் பந்து என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு உறைக்காது. அப்பாவுக்கும் உறைத்ததில்லை. தக்கலையிலோ கட்டாந்தரை. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஒருவன் கால் தவறி உதைத்த பந்து, கோழிமுட்டை உருளுகிற வேகத்தில், யாரும் துரத்தாமல், தானாக உருண்டு வந்தது. என் புருஷன் குனிந்தார். பந்து அவர் கால்களுக்கு நடுவே போய்விட்டது.

நான் மைதானத்தின் ஓரத்தில் தலையில் சுமந்த மீன் கடவத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் சிரித்தது. கோல் போட்டால் ஆர்ப்பரிப்பார்கள், அதைத் தாங்கலாம். இது சிரிப்பு. அவர் அப்படியே குனிந்த நிலையில் நின்றார், நிமிர்ந்தால் முகத்தைக் காட்ட வேண்டுமே.

அதிலிருந்து நான் மீன் விற்கப் போகிற இடமெல்லாம் அதே பேச்சு. தக்கலைச் சந்தையில் ஒருவன் சாளையைப் புரட்டிக்கொண்டே, "கவட்டை வழியா நழுவாத மீனாப் பாத்து எடுத்துத் தா" என்பான். இன்னொருவன், "இந்த வருசமும் உங்க ஊருக்கு அவன்தான கோலி? அவன மாத்திராதீங்க, எங்களுக்கு வேணும்" என்பான். எனக்கு வாய் நீளம். "உன் பெண்டாட்டி அடுப்புல வச்சிருக்கிய குழம்பு கருகுது, போய் அதப் பாருலே" என்று திருப்பிக் கொடுப்பேன். கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டும். அவமானம் தலைச்சுமையைவிடக் கனம்.

அடுத்த பந்துக் காலம் நெருங்கியது. எங்கள் ஊரில் டீமுக்கு ஆள் எடுக்கிற முறை வேறெங்கும் கிடையாது. கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள் அல்லவா, மூன்று ஞாயிறு பூசையில், "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரியப்படுத்தவும்" என்று? கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன காலத்தில் கல்யாணம் கிடையாது, ஆகவே ஓலையும் கிடையாது. அந்தச் சும்மா கிடந்த ஞாயிறுகளைப் பந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பூசை முடிந்ததும் கோயில் உபதேசியார் கொடிமரத்தடியில் நின்று ஒவ்வொரு ஆட்டக்காரனின் பெயரையும் விளித்துச் சொல்லி, "தடை உண்டுமா?" என்று கேட்பார். முட்டு வலி, குடி, ஒளித்து வைத்த காயம், எதுவானாலும் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். மூன்று ஞாயிறும் தடை இல்லாமல் தாண்டினால் அவன் டீமில். இதற்குப் பெயர் பந்தோலை. பங்குச் சாமியார் இதைக் காணாததுபோலத் தாம் தங்கும் அறைவீட்டுக்குள் போய்விடுவார், ஆனால் சன்னல் திறந்துதான் இருக்கும்.

அந்த வருஷம் முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் என் புருஷன் பெயர் வாசித்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் அல்லவா சொல்ல வேண்டும்? வாய் திறந்து "இவன் வேண்டாம்" என்றால், "காத்து நுழையாது" என்று சொன்னவர் வாய் பொய்யாகும், மருமகன் மானமும் போகும். பேசாமல் இருந்தால் ஊர் மறுபடி தோற்கும், தோற்றால் அவரைத்தான் காறித் துப்பும். கட்டுமரத்தடியில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் என் புருஷன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நிக்க விடுவினுமா?" அந்த மனுஷனுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்ததெல்லாம் இன்னொரு தடவை அந்த ரெண்டு கம்புகளுக்கு நடுவே நின்று, பட்ட அவமானத்தைக் கழுவுவது. நான் அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன்.

மூன்றாம் ஞாயிறு. ஆண்கள் கொடிமரத்தைச் சுற்றி, பெண்கள் பக்கவாசலில். என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கோலுக்கு..." என்று உபதேசியார் என் புருஷன் பெயரை வாசித்தார். "தடை உண்டுமா?"

அப்பா எழுந்தார். "உண்டு."

சரி, சொல்லித் தொலைக்கட்டும் என்று பல்லைக் கடித்தேன். உருண்டு வருகிற பந்தைப் பிடிக்கத் தெரியாது என்று சொல்லட்டும், உண்மைதானே, தாங்கிக்கொள்வோம்.

அப்பா தொண்டையைச் செருமினார். "எனக்க மவ வயித்துல உண்டு" என்றார்.

எங்கள் கரையில் பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் யாரும் வாசலை மறித்து நிற்கமாட்டார்கள். மறித்தால் பிள்ளை வருகிற வழியை மறித்ததாகும். பிள்ளைத்தாச்சியின் புருஷனோ எந்த வாசலையும் மறிக்கக் கூடாது. கோலி வேலையே வாசலை மறிப்பதுதானே? கூட்டத்துக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "அட, அப்பிடிச் சொல்லும் மாமா!" என்று ஒரே ஆரவாரம். மருமகன் மானம் தப்பியது, அப்பாவின் சொல் தப்பியது, ஊருக்கு வேறு கோலியும் கிடைத்தான்.

நான் முழுகாமல் இருக்கவில்லை. அதை அப்பாவிடம் யாரும் சொல்லவும் இல்லை.

மறுத்துக் கத்த வாய் எடுத்தேன். அதற்குள் மாமியார் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டார். "எனக்கிட்ட சொல்லல்லியே மக்களே!" என்று அழுகிறார், சிரிக்கிறார். நாலு வருஷமாக அந்தக் கிழவி நேராத நேர்ச்சை இல்லை. சுற்றி நின்றவர்கள் என் வயிற்றைத் தொட்டுச் சிலுவை போட்டார்கள். அத்தனை பேர் நடுவில், கோயில் முற்றத்தில் வைத்து, "பெற்ற அப்பன் பொய் சொல்லுகிறான்" என்று எப்படிச் சொல்லுவேன்? சொல்லவில்லை. உடம்பெல்லாம் கூசியது. சேலை இல்லாமல் நிற்கிறதுபோல இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் புருஷன் கதவை ஒருக்களித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். கோலி இடம் போன வருத்தம் முகத்தில் துளியும் இல்லை. "உள்ளதா?" என்று கேட்டார்.

அந்த ஒரு சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் நம்பிவிட்டார். என் அப்பாவை ஊரே நம்புமே, இவரும் நம்பிவிட்டார்.

"இல்ல" என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். "அப்பம் மாமா எதுக்குச் சொன்னாரு?"

"உம்ம மானம் போவாம இருக்க."

"எனக்க மானம் போனா போவட்டு" என்றார். வெளியே மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சத்தம் போட்டுப் பேசுவது கேட்டது. பெண்பிள்ளையானால் என்ன பெயர் என்றுகூட முடிவாகியிருந்தது.

மறுநாளே அப்பாவிடம் போனேன். நல்லவேளை, அருகில் யாரும் இல்லை. "இதுக்கு என்னப்பா முடிவு? பத்தாம் மாசம் நான் எத எடுத்துக் காட்டியது?" என்று கேட்டேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பைய பாத்துக்கிடலாம் மக்கா. இப்பம் டீமுக்கு மனசு சீரா இருக்கணும்" என்றார். டீமுக்கு மனசு! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டுமரத்தையே தள்ளிக் கடலில் விட்டிருப்பேன்.

கிறிஸ்மஸ் கழிந்து ஆட்டங்கள் தொடங்கின. புதுக் கோலி ஒரு குட்டையன், தரையோடு விழுந்து பிடிப்பான். எங்கள் ஊர் ஒவ்வொரு டீமாகச் சாய்த்துக் கடைசியில் கோப்பையோடு வந்தது. அப்பாவைத் தோளில் தூக்கினார்கள். கோப்பையை எங்கள் வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்து, "உனக்க வயித்துப் பிள்ளை கொண்டுவந்த கப்பு" என்று என் கையில் கொடுத்தார்கள். என் புருஷன் பின்னால் நின்று கைதட்டினார். தட்டித்தானே ஆக வேண்டும்? மாமியார் என்னைக் கடவம் தூக்க விடுவதில்லை. புளியங்காயும் மாங்காயும் வந்த மயமாக இருந்தன. ஒவ்வொன்றையும் தின்றேன்.

தவக்காலம் நடக்கும்போது, இனி இழுக்க முடியாது என்று ஆனபின், மாமியாரிடம் "தவறிப் போச்சு" என்று சொன்னேன். அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்க்கப் பார்க்க, இல்லாத பிள்ளைக்கு நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

அதோடு போயிருந்தால் சரி. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பிள்ளை எப்படித் தவறியது என்று ஊர் காரணம் தேடியது. ஆட்டம் போன ஏக்கத்தில் என் புருஷன் ஒரு சாயங்காலம் கடற்கரையில் பொடிப்பயல்களோடு கோலில் நின்றதை யாரோ பார்த்திருக்கிறார்கள். போதாதா? "வாசல மறிச்சிட்டான், பிள்ள போச்சு" என்று கடற்கரை முழுக்கப் பேச்சு. பந்தை விட்டவன் என்று சிரித்த ஊர் இப்போது பிள்ளையைக் கொன்றவன் என்றது. பெற்ற தாயே அவருக்குச் சோறு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. பேசினால் என் அப்பா பொய்யர் என்றாகும். எனக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். நானோ என் அப்பாவுக்காகக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து அடுத்த வருஷத்து டீம்களை எடை போட ஆரம்பித்திருந்தார்.

மறுபடி ஆகமன காலம் வந்தது. குட்டைக் கோலி கொழும்புக்குப் பிழைக்கப் போய்விட்டான். வேறு ஆளில்லை. பந்தோலையில் என் புருஷன் பெயர் வந்தது. முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு தடை இல்லை. அவர் விடியலில் போய்க் கோயில் முற்றத்துக் கட்டாந்தரையில் தனியாகப் பந்தை உருட்டி உருட்டிப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். பத்துக்கு எட்டையாவது பிடிப்பார். இந்தத் தடவை நின்றுவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

மூன்றாம் ஞாயிறு உபதேசியார் பெயரை வாசித்து, "தடை உண்டுமா?" என்றார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன் அப்பாவைப் பார்த்து, "என்ன மாமா, இந்த வருசமும் மவ வயித்துல உண்டுமா?" என்று கேட்டான். சிரிப்பு வெடித்தது. அன்றைக்குத் தக்கலையில் கேட்ட அதே சிரிப்பு, இப்போது என் வயிற்றைப் பார்த்து. பக்கவாசலில் நின்ற பெண்களில் சிலரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"தடை உண்டு" என்று ஒரு குரல். என் புருஷனுடைய குரல்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொடிமரத்தடிக்கு வந்திருந்தார். "எனக்கு நானே தடை சொல்லுதேன். உருண்டு வாற பந்து எனக்குப் பிடிக்கத் தெரியாது. போன வருசமும் அதுதான் தடை. எனக்க பெண்டாட்டிக்கு வயித்துல ஒண்ணும் இருக்கல்ல. ஒண்ணும் தவறியும் போவல்ல. இனி அவளப் பாத்து எவனும் சிரிக்கப்பிடாது."

ஒரு வருஷமாக அவர் கேட்டுக் காத்திருந்த இடம் அது. அதைத் தன் கையாலேயே விட்டுவிட்டார்.

"பொய் சொல்லுதான்லே" என்று ஒருவன் கத்தினான். "பிள்ளையக் கொன்ன பழி போவணும்னு மாமனாரப் பொய்யனாக்குதான். மாமா பொய் சொல்லுவாரா? சாட்சி யாரு இதுக்கு?"

பந்தோலையில் பெண்கள் பேசியதில்லை. நான் மாமியார் கையை விடுவித்துக்கொண்டு நடந்தேன். ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தால் வாய் வராது என்று கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் சாட்சி. அவரு சொன்னது உள்ளது. எனக்க அப்பன் சொன்னதுதான் பொய்" என்றேன்.

அதைவிடப் பெரிய வெட்கத்தை நான் அறிந்ததில்லை. ஊர்முன் அப்பன் மானத்தை நானே வாங்கினேன். மாமியாரை இல்லாத பிள்ளைக்கு அழவைத்து ஏமாற்றியதும் அதே சொல்லில் வெளிப்பட்டுவிட்டது. பக்கவாசலில் அவர் பெருங்குரலில் அழுதது எனக்குக் கேட்டது. உபதேசியார் அடுத்த பெயரை வாசிக்காமலே தாளை மடித்தார். ஆண்கள் ஒவ்வொருவராக, அப்பாவைப் பார்க்காமல், கலைந்து போனார்கள்.

எல்லோரும் போன பிறகு அப்பா எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். திட்டுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். என் புருஷன் எனக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றார்.

"நான் பொய்யின்னு நெனச்சுச் சொல்லல்ல மக்கா" என்றார் அப்பா. "நான் சொன்னா நடக்கும்லா? எத்தர டீமுக்குச் சொன்னேன், நடந்துதே. இதும் சொல்லிப் போட்டா நடந்துரும்னு நெனச்சேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இன்னும் காத்திருக்கிறவர்போல என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன்.